60 மாத வாரண்டி, 38-வது மாதத்தில் செத்த பேட்டரி: ஒரு நிகழ்வு ஆய்வு

என் சித்தி மகன் ஒரே கார் பேட்டரிக்காக இரண்டு முறை வாரண்டி கேட்டுப் போனான். முதல் முறை கடையில் தரமாட்டேன் என்றார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினான். இரண்டாவது முறை தருகிறோம் என்றார்கள். இவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். இரண்டு தடவையும் கூடப் போனவன் நான். யோசித்துப் பார்த்தால் கடைக்காரர் இரண்டு முறையும் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். குழப்பம் முழுக்க, ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் இருந்த 60 என்ற எண்ணை நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது.

பேட்டரி 12 வோல்ட், கொள்ளளவு 60 ஆம்பியர்-அவர். வழக்கமான ஈய-அமில வகைதான், தண்ணீர் ஊற்ற வேண்டாத மூடிய ரகம். சொந்த உபயோகத்துக்கான கார். வாரண்டி கார்டின் முன்பக்கம் ‘60 மாதங்கள்’ என்று இருந்தது. பின்பக்கம், கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், முதல் 36 மாதம் இலவச மாற்று, அடுத்த 24 மாதம் புரோ-ரேட்டா, அதாவது மாதம் ஏற ஏறக் குறையும் தள்ளுபடி, என்று இருந்தது. வாங்கிய அன்று அந்தப் பக்கத்தை இவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

27-வது மாதம்: கிடைக்காத வாரண்டி

ஐந்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினான். செல்ஃப் எடுக்கவில்லை. டக், டக் என்று ரிலே சத்தம் மட்டும். டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிந்து அணைந்தன. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து, நேராகக் கடைக்கு ஓட்டிப் போனோம்.

“அண்ணா, ரெண்டே கால் வருசம்தான் ஆகுது. 60 மாசம் போட்டிருக்கான். புதுசு குடுத்துத்தானே ஆகணும்?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். கொடுப்பார்கள் என்றுதான் நானும் சொன்னேன்.

கடைக்காரர் டெர்மினலைக் கழற்றி, சிறிது நேரம் விட்டு, மீட்டரை வைத்தார். 11.4 வோல்ட். கையடக்க டெஸ்டரை மாட்டினார். ‘சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கவும்’ என்ற பொருளில் ஒரு வரி வந்தது. “நைட் சார்ஜ்ல போட்டு வைக்கிறேன் சார், நாளைக்குச் சாயங்காலம் பாத்துச் சொல்றேன்” என்று சொல்லி, அதுவரைக்கும் ஓட்ட ஒரு சர்வீஸ் பேட்டரியை மாட்டிவிட்டார். சாக்குச் சொல்கிறார் என்று இவனுக்குச் சந்தேகம்.

சாக்கு இல்லை. முழுதாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6, 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வெறும் காலியாக இருக்கும் பேட்டரியையும் உள்ளே கெட்டுப்போன பேட்டரியையும் அந்த நிலையில் பிரித்துச் சொல்ல டெஸ்டரால் முடியாது. இரண்டுமே செத்த மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் சார்ஜ் போட வேண்டும், அப்புறம் சில மணி நேரம் சும்மா விட வேண்டும், அதற்கப்புறம்தான் தீர்ப்பு. சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் மேலோட்டமான சார்ஜ் மீட்டரை ஏமாற்றிவிடும்.

மறுநாள் 12.68 வோல்ட். லோடு டெஸ்டில் 240 ஆம்பியர் இழுத்தார். அந்தப் பேட்டரியின் சிசிஏ, அதாவது கடுங்குளிரிலும் வண்டியைக் கிளப்பக் கொடுக்கும் கரண்டின் அளவு, 480. அதில் பாதி என்று கணக்கு. 15 விநாடி முடிவில் 10.1 வோல்டில் நின்றது. 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரி தோல்வி. இது தேறிவிட்டது.

“பேட்டரி நல்லா இருக்கு சார். வண்டியிலதான் எதோ இழுக்குது.”

இவன் வாதாடினான். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றது உண்மை, வாரண்டி காலம் இருப்பதும் உண்மை, இன்னும் என்ன வேண்டும் என்பது இவன் கட்சி. இந்த இடத்தில்தான் பெரும்பாலான சண்டைகள் நடக்கின்றன. கார்டில் இருப்பது உற்பத்திக் குறைபாட்டுக்கான உறுதி மட்டும். பேட்டரி என்ற அந்தப் பெட்டி தன் வேலையைச் செய்யும் என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. வண்டி தினமும் ஸ்டார்ட் ஆகும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. விளக்கை அணைக்காமல் விட்டது, என்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்ப வேண்டிய ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாதது, மாதக்கணக்கில் வண்டியை எடுக்காமல் போட்டது, பின்னால் மாட்டிய சாதனம் கரண்டு இழுப்பது, எல்லாமே வெளியே நிற்கும் காரணங்கள். இதையெல்லாம் பட்டியலாகவே போட்டிருந்தார்கள், அந்தப் பின்பக்கத்தில்.

இழுத்தது எது?

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துப் பார்த்தோம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி, நெகட்டிவ் கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் கோர்த்தோம். சாவியைத் தூர வைத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பு முக்கியம். இப்போதைய கார்களில் கணினிகள் ஒவ்வொன்றாகத்தான் தூங்கப் போகும். உடனே அளந்தால் இல்லாத பேயைப் பார்த்து பயப்பட வேண்டியிருக்கும். இன்னொன்று, மீட்டர் கோர்த்திருக்கும்போது மறந்துபோய் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எனக்கு ஒருமுறை போயிருக்கிறது.

பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. எங்கள் மீட்டரில் 0.42 ஆம்பியர், அதாவது 420. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தோம். ஒன்றைப் பிடுங்கியதும் 0.03-க்கு இறங்கியது. அந்த ஃபியூஸிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் மேலே ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டேஷ்கேமில் முடிந்தது. வண்டி நின்றிருந்தாலும் பதிவு செய்யும்படி வைத்திருந்தார்கள். பேட்டரி எவ்வளவு இறங்கினால் கேமரா அணைய வேண்டும் என்ற எல்லையை மாட்டியவர் வைக்கவே இல்லை.

மணிக்கு 0.42 என்றால் ஒரு நாளைக்கு சுமார் 10 ஆம்பியர்-அவர். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்து நாளில் 50-ஐ இழந்திருக்கிறது. 11.4 வோல்டுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

டேஷ்கேம் ஒயரை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸுக்கு மாற்றினோம். ஆனால் கேமரா மாட்டி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை தடவை பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கி ஏறியதோ. கார் பேட்டரி ஒரு நொடி பெரிய கரண்டு கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அடிமட்டம் வரை காலி செய்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகும், தகட்டின் மேல் பூச்சு உதிரும். ஒவ்வொரு தடவையும் ஆயுளில் கொஞ்சம் போய்விடும். இது பின்னால் வரும் கதைக்கு வேண்டும்.

38-வது மாதம்: கிடைத்த வாரண்டி

சுமார் 34, 35-வது மாதத்திலேயே காலையில் செல்ஃப் கொஞ்சம் சோம்பலாக எடுக்கிறது என்று இவன் சொல்லிக்கொண்டிருந்தான். கடையில் ஒருமுறை காட்டு என்றேன். “எதுக்குண்ணா, 60 மாசம் இருக்கே. நின்னா மாத்திக்கலாம்” என்றான். இந்தக் கேஸில் அதிக நஷ்டம் வைத்த வாக்கியம் இதுதான். அன்றைக்கே காட்டியிருந்தால் டெஸ்டர் தோல்வி என்று சொல்லியிருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் பைசா செலவில்லாமல் புதுசு வந்திருக்கும்.

38-வது மாதம் நின்றது. இந்த முறை டேஷ்கேம் காரணமில்லை, முந்தின நாள்தான் நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தான். பேட்டரியின் மேல் இருந்த சின்னக் கண்ணாடி பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, ‘பேட்டரி ஓகே, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போச்சு’ என்றார் தெருமுனை மெக்கானிக். அந்தப் பச்சைக் கண்ணைப் பலரும் நம்புகிறார்கள். பேட்டரிக்குள் ஆறு செல்கள். அந்தக் கண் எட்டிப் பார்ப்பது ஒரே ஒரு செல்லை. மீதி ஐந்தில் எது செத்தாலும் அது பச்சையாகத்தான் சிரித்துக்கொண்டிருக்கும்.

கடையில் இரவு முழுக்க சார்ஜ் போட்டும் 10.4 வோல்டுக்கு மேல் நிற்கவில்லை. ஒரு செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறு சேர்ந்தால் 12.6. ஒன்று போய்விட்டால் 10.5. எண்ணே நோயைச் சொல்லிவிட்டது. லோடு டெஸ்ட் போட்டபோது இரண்டு விநாடியில் முள் கீழே படுத்துவிட்டது. அப்புறம் சர்வீஸ் பேட்டரியை வண்டியில் மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரை அளந்தார். 14.2 வோல்ட். 15-க்கு மேல் இருந்திருந்தால் அதிக சார்ஜால் கெட்டது என்று எழுதிக் கிளெய்மை நிராகரித்திருக்கலாம். 13-க்குக் கீழே என்றாலும் கேள்வி வந்திருக்கும். பெட்டியில் விரிசல், உப்பல், உருகிய டெர்மினல் இருக்கிறதா என்று சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். கிளெய்ம் படிவத்தில் ‘வாடகை வண்டியா’ என்று ஒரு கட்டம் இருந்தது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அந்த கார்டில் மொத்த வாரண்டியே பாதிதான்.

அடுத்து பில் கேட்டார். இவன் பர்ஸிலிருந்து பத்திரமாக எடுத்து நீட்டியது ஒரு வெள்ளைத் தாள். வெப்பத்தில் அச்சாகும் பில்கள் இப்படித்தான், மூன்று வருடத்தில் எழுத்தெல்லாம் ஆவியாகிவிடும். வாரண்டி கார்டில் கடை முத்திரை இருந்தது, தேதி எழுத வேண்டிய இடம் காலி. பேட்டரி மூடியில் பொறித்த குறியீட்டைக் கடைக்காரர் படித்தார். இவன் வாங்கியதற்கு ஐந்து மாதம் முன்பு தயாரானது. விற்ற தேதிக்கு ஆதாரம் இல்லையென்றால் தயாரித்த தேதியிலிருந்துதான் கணக்கு. அதன்படி பேட்டரிக்கு வயது 38 இல்லை, 43. சிரிப்பதற்கில்லை, கிடைக்கும் தள்ளுபடி ஒரு படி கீழே இறங்கிவிடும். நல்லவேளை, வாங்கிய அன்று இவன் மனைவிக்கு அனுப்பிய பில் போட்டோ பழைய போனில் இருந்தது. சீரியல் நம்பர் பொருந்தியது. கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

இன்னொன்றும் இதில் கவனிக்க வேண்டும். ஐந்து மாதம் அலமாரியில் தூங்கிய பேட்டரியைத்தான் ‘புதுசு’ என்று வாங்கியிருக்கிறோம். ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும். நடுவில் சார்ஜ் போடாவிட்டால் விற்பதற்கு முன்பே சல்பேட் படியத் தொடங்கியிருக்கும். வாங்கும்போது தேதிக் குறியீட்டைப் படித்துச் சொல்லச் சொன்னால் எந்தக் கடையிலும் சொல்வார்கள். கேட்பவர்கள் குறைவு.

கணக்கு

கிளெய்ம் பாஸ். “அப்ப புதுசு எடுத்துட்டுப் போலாமா?” என்று இவன் எழுந்தேவிட்டான். கடைக்காரர் உட்காரச் சொல்லி, கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

36 மாதம் தாண்டிவிட்டதால் இலவச மாற்று முடிந்தது. புரோ-ரேட்டா அட்டவணையில் 37 முதல் 42 வரை 40 சதவீதம் தள்ளுபடி. அடுத்த ஆறு மாதத்துக்கு 30, பிறகு 20, கடைசி ஆறு மாதத்துக்கு 10. (பில் போட்டோ கிடைக்காமல் 43 என்று எடுத்திருந்தால் 30-தான்.) தள்ளுபடி எதன் மேல் என்பதுதான் அடுத்த கேள்வி. இவன் அன்று கொடுத்த விலை மேலோ, கடையில் இன்று விற்கும் விலை மேலோ இல்லை. நிறுவனத்தின் இன்றைய பட்டியல் விலை மேல்.

பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். கிளெய்மில் எடுத்தால் 60 கட்ட வேண்டும், பழைய பேட்டரி நிறுவனத்துக்குப் போய்விடும். வாரண்டியே இல்லாத ஒருவர் உள்ளே வந்து அதே பேட்டரியைக் கேட்டால்? அந்தக் கடை பட்டியல் விலையில் விற்பதே இல்லை. 80-க்குக் கொடுக்கும். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் 9-க்கு எடுத்துக்கொள்ளும், ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. ஆக 71.

60-க்கும் 71-க்கும் 11 வித்தியாசம். 40 சதவீதம் என்று கேட்டபோது மனதில் வந்த தொகை எங்கே, இது எங்கே. சரி, 11 மிச்சம் என்றாலும் மிச்சம்தானே என்று இவன் எடுக்கத் தயாராகிவிட்டான். நான் கார்டைத் திரும்பப் பார்த்தேன். மாற்றிக் கொடுக்கும் பேட்டரிக்குப் புது வாரண்டி கிடையாது, முதல் பேட்டரியின் மிச்சக் காலம் மட்டுமே பொருந்தும் என்று ஒரு வரி இருந்தது. மிச்சம் 22 மாதம். அந்த 22 மாதமும் புரோ-ரேட்டா பகுதியிலேயே விழுகிறது. கிளெய்மில் கிடைக்கும் புத்தம்புதுப் பேட்டரி மறுவாரமே செத்தால்கூட இலவச மாற்று கிடையாது, மறுபடி 60 கட்டித்தான் வாங்க வேண்டும். 71 கொடுத்து வாங்கினால் 60 மாதம், அதில் 36 மாதம் முழு மாற்று.

மாதத்துக்கு வகுத்தால் ஒரு பக்கம் 2.7, இன்னொரு பக்கம் 1.2. கிளெய்ம் வேண்டாம், புதுசாகவே போடுங்கள் என்றோம். கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை. “கணக்குப் போட்டுப் பாத்தா நெறைய பேர் இதான் சார் எடுப்பாங்க. போடாதவங்க நம்மகிட்ட சண்டை போடுவாங்க” என்றார்.

எல்லா கார்டிலும் இப்படி இருக்காது. புரோ-ரேட்டாவில் பணம் வாங்குவதால் அதைப் புது விற்பனையாகவே கருதிப் புது வாரண்டி தரும் கார்டுகளும் உண்டு. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு கிளெய்மை எடுக்கலாம். இரண்டு பிரிவே இல்லாமல், முழுக் காலமும் இலவச மாற்று என்று இருப்பவையும் உண்டு. அதனால் வாங்கும்போது நான் இப்போது மூன்றே கேள்விதான் கேட்கிறேன்: இலவச மாற்று எத்தனை மாதம், அதற்கப்புறம் தள்ளுபடி எந்த விலை மேல், மாற்றித் தரும் பேட்டரிக்குப் புது வாரண்டியா மிச்ச வாரண்டியா. மொத்தம் எத்தனை மாதம் என்று கேட்பதே இல்லை.

பேட்டரி செத்தது யாரால்?

கறாராகப் பார்த்தால், 38-வது மாதத்துச் சாவில் டேஷ்கேமுக்கும் பங்கு இருக்கலாம். அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரியில் உதிர்ந்த பூச்சு தகடுகளுக்கு நடுவே பாலம் போட்டு ஒரு செல்லை ஷார்ட் ஆக்குவது நடக்கக்கூடியது. உற்பத்தியிலேயே ஒரு தகடோ பிரிப்பானோ கோளாறாக இருந்திருந்தாலும் இதே 10.4 வோல்டுதான் வரும். பேட்டரியை அறுத்துப் பார்க்காமல் கடை மேசையில் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. செல் செத்திருக்கிறது, வெளிச்சேதம் இல்லை, ஆல்டர்னேட்டர் சரி, தேதி பொருந்துகிறது: அவ்வளவுதான் அவர்கள் பார்ப்பது. அந்த வகையில் வாரண்டி சோதனை எங்களிடம் தாராளமாகவே நடந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நிற்கிற வண்டியை இழுத்து வரும் செலவு, கழற்றி மாட்டும் கூலி, வேலை கெட்ட நாளின் நஷ்டம் எதுவும் எந்தப் பேட்டரி வாரண்டியிலும் பெரும்பாலும் வராது. புது காரோடு வரும் பேட்டரிக்கு, காரின் வாரண்டியைவிடக் குறைந்த தனிக் காலம் இருப்பதும் சகஜம். சிக்னலில் தானாக அணைந்து எழும் வகைக் கார்களுக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் ரகப் பேட்டரிதான் போட வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று சாதாரணப் பேட்டரியைப் போட்டால், பொருந்தாத வண்டியில் மாட்டியதாகச் சொல்லி வாரண்டியை மறுப்பார்கள். அது நியாயமும்கூட, ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. மின்சாரக் காரின் 8 வருட, 1,60,000 கிலோமீட்டர் வாரண்டியைச் சொல்லி இவனுடைய நண்பன் ஒருவன் இதற்கும் அப்படித்தானே என்று கேட்டான். அது வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரிக்கு, அதுவும் பெரும்பாலும் 70 சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே போனால் என்ற நிபந்தனையோடு. அந்தக் கார்களுக்குள்ளும் 12 வோல்டில் ஒரு சின்னப் பேட்டரி உட்கார்ந்திருக்கும், அதற்குத் தனி கார்டு.

புதுப் பேட்டரியை மாட்டும்போது தேதிக் குறியீட்டைப் படிக்கச் சொன்னோம், ஆறு வாரம் பழசு. கார்டில் தேதி, வண்டி எண், சீரியல் நம்பர் மூன்றையும் கடைக்காரரே பேனாவால் எழுதினார். பில்லை அங்கேயே போட்டோ எடுத்தான். அப்புறம் போனில் 34-வது மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் வைத்தான்: ‘பேட்டரி டெஸ்ட், செல்ஃப் நல்லா எடுத்தாலும் போகணும்’.